வெறுமையாக வைக்கக் கூடாத துப்பாக்கி

என் மாமனார் துப்பாக்கி வாங்கியது போட்டோ எடுத்துக்கொள்வதற்காக. எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மேலே பொத்தான் வைத்த கோட்டு, கீழே சரிகை வேட்டி, கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி, சுட்ட புலி கிடக்கவேண்டிய காலடியில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. காவிரிப் பாசனத்தில் புலிக்கு எங்கே போவது? எங்களிடம் இருப்பது எலி, கொக்கு, பங்காளி மூன்றும்தான்.

அவருக்குப் பிறகு துப்பாக்கி என் கணவருக்கு வந்தது. அவர் தன் ஆயுளில் அதை வைத்துச் சுட்டது ஒரே ஒரு பெருச்சாளியை. பெருச்சாளி தப்பித்துவிட்டது, தண்ணீர்த் தவலை தப்பிக்கவில்லை. சர்க்கரை வியாதியில் அவர் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது. பிள்ளை கிடையாது. நிலம் அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது, நெல் அடிக்கிற களமும் பொது. காரியம் முடிவதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து துப்பாக்கியையும் அதோடு இருந்த இரண்டு தோட்டாக்களையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். லைசென்ஸ்காரர் செத்தால் துப்பாக்கி சர்க்காரிடம் போய் உட்கார்ந்துகொள்ளும். வாரிசு யாராவது லைசென்ஸ் வாங்கினால் வீடு திரும்பும்.

கொழுந்தனார் மறுவாரமே மனுப் போட்டார். அதற்கடுத்த நாள் நானும் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று சொல்லவேண்டும். ஆட்சி மாறிய புதிது. ஊரில் பாதிப்பேர் துண்டின் கரையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் எந்தக் கரைக்கும் காத்திருக்காமல் சிவப்புக் கொடியை நட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள். அறுப்புக் கூலி கூடுதலாக வேண்டும், வெளியூர் ஆளை இறக்கக் கூடாது என்பது அவர்கள் பேச்சு. கிழக்கே ஓர் ஊரில் கூலிச் சண்டையில் ஆட்களைக் குடிசையோடு கொளுத்தியதைப் பற்றி எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளக்கிறவரே எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். என் கணவர் வயதுதான் இருக்கும். அளக்கிற நாளில் ஒரு நெல் சிந்தாது, அப்படி ஒரு கை. தலைவரானதும் அவர் செய்த பெரிய புரட்சி, கொழுந்தனார் எதிரில் வந்தால் தோளில் கிடந்த துண்டை எடுக்காமல் நின்று பேசியது. கூலி கேட்டதைக்கூடக் கொழுந்தனார் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தத் துண்டு அவரைத் தூங்கவிடவில்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்.

"இந்த அறுப்புக்குத் துப்பாக்கியோட களத்துல போயி உக்காரப் போறேன் அண்ணி. மரக்காலைப் புடிக்கிறவன் அப்பறம் எப்படி வாயத் தொறக்குறான்னு பாக்குறேன்."

நான் ரசம் ஊற்றினேன். கொழுந்தனார் கெட்டவர் இல்லை. வைக்கோல் மாதிரி, சட்டென்று பற்றிக்கொள்வார். வைக்கோலுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது என்றாலும் அதன் பக்கத்தில் யாரும் தீப்பெட்டி வைப்பதில்லை. துப்பாக்கி அவர் பேருக்குப் போனால் தை மாதம் களத்தில் ஒரு பிணம் விழும் என்று எனக்குத் தோன்றியது. என் பேருக்கு வந்தால் ஆணியில் தொங்கும். என்னுடைய துப்பாக்கி ஆசை அவ்வளவுதான்.

எங்களைப்போல அந்த வருஷம் ஜில்லாவில் துப்பாக்கி கேட்டு மனுப் போட்ட மிராசுதார்கள் ஏகப்பட்ட பேர். கொக்கு விரட்ட, பன்றி விரட்ட என்று எழுதியிருந்தார்கள். கொக்குகளுக்குத் திடீரென்று இவ்வளவு கொழுப்பு ஏன் என்று மேலே யாருக்கோ சந்தேகம் வந்திருக்கவேண்டும். சுடத் தெரியாதவன் கையில் கொடுத்தால் வினை, எல்லோரும் தஞ்சாவூரில் வகுப்புக்கு வந்து தேறினால்தான் லைசென்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இரண்டு மனுவுக்கும் ஒரே துப்பாக்கி. வகுப்பில் தேறுகிறவருக்கு அது, இரண்டு பேரும் தேறினால் நன்றாகத் தேறியவருக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. கொழுந்தனார் காரில் நானும் போவேன். ஒரே துப்பாக்கிக்காகச் சண்டை போடும் இரண்டு பேர் ஒரே காரில் போவது எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. பங்காளிகள் ஒரே வண்டியில் போய்ப் பாக வழக்கில் எதிரெதிராக நின்றுவிட்டு, திரும்பும்போது கும்பகோணத்தில் சேர்ந்து காப்பி குடிப்பார்கள். துப்பாக்கிதான் பாவம், கான்ஸ்டபிளோடு பஸ்ஸில் வரும். சாக்கில் சுற்றிய சாமானுக்கு லக்கேஜ் போடவேண்டும் என்று கண்டக்டர் ஒரு தரம் பிடிவாதம் பிடிக்க, கான்ஸ்டபிள் சாக்கை விலக்கிக் காட்டினாராம். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் அவருக்கு முன்சீட்டு.

போலீஸ் மைதானத்தில் வேப்பமரத்தடியில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வட ஆற்காட்டுக்காரர். முதல் நாள் எங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். அது ஒன்றுதான் அங்கே நேராக நின்றுகொண்டிருந்தது.

ஒரே நாற்றங்காலில் பத்து நாள் நாற்றும் ஐம்பது நாள் நாற்றும் கலந்து கிடந்தால் எப்படிப் பறிப்பது? எங்கள் வகுப்பு அப்படி இருந்தது. கொழுந்தனார் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து அப்பாவின் துப்பாக்கியால் தாரா வாத்து சுட்டவர். பறக்கும்போதே அடிப்பார். சில பேர் துப்பாக்கியைத் தொட்டிருக்கிறார்கள், ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போது. ஒரு பெரியவருக்குக் காது கேட்காது என்பதால் வெடிச்சத்தத்துக்கு அஞ்சாமல் நின்றார், "நிறுத்துங்க" என்றாலும் நிற்க மாட்டார். கும்பகோணத்திலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் வந்தார். அவருக்கு வேண்டியது கைத்துப்பாக்கி, யாருக்கும் தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள. ஆட்சி மாறிய மறுநாளே துண்டின் கரையை மாற்றியவர் அவர். துப்பாக்கி ஒன்றைத்தான் மறைக்க ஆசைப்பட்டார்.

கடைசியில் நான். வெள்ளைச் சேலையில் நின்றேன். எதிரே சுடுவதற்கு நட்டிருந்த பலகையிலும் வெள்ளைத் தாள்தான் ஒட்டியிருந்தது. காது கேட்காத பெரியவர் பக்கம் போகாதீங்கம்மா என்று சுபேதார் என்னிடம் மெதுவாகச் சொல்லிவைத்தார்.

முதல் தரம் சுட்டபோது துப்பாக்கி என் தோளில் உதைத்ததில் நான் உட்கார்ந்துவிட்டேன். தோட்டா எந்தத் திசைக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானும் துப்பாக்கிமேல் குறை சொன்னேன். கொழுந்தனார் அதே துப்பாக்கியை வாங்கி, கட்டித் தொங்கவிட்ட சட்டியை உடைத்துவிட்டு, என்னிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். குறை துப்பாக்கியிடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சுபேதாருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கண்ணில் படவே இல்லை. தாரா சுட்டவரோ தவலை சுட்டவர் பெண்சாதியோ, எல்லோருக்கும் அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பித்தார். குழலை மடக்கித் திற. தோட்டாவைப் போடு. குழலுக்கு ஒன்றாக இரண்டு விசை. முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. திற, எடு, மூடு, கீழே வை. கொழுந்தனாருக்கு இது பெரிய அவமானம். கல்யாணமானவனை உட்காரவைத்துத் தாலி எப்படிக் கட்டுவது என்று சொல்லித் தருகிறார் என்று காரில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

இந்த அரிச்சுவடியில்தான் வகுப்பே கவிழ்ந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறேன். வகுப்புக்கென்று வைத்திருந்த இரட்டைக்குழல்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, இரண்டு தோட்டா போடச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. வரிசையில் இருந்த அத்தனை துப்பாக்கியிலும் இடது குழலில் ஒரு தோட்டா உட்கார்ந்திருந்தது.

பேசிவைத்துக்கொண்டு கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் எல்லோரும் ஒன்றை எடுத்தோம், ஒன்றை விட்டோம். ரைஸ்மில்காரர்தான் தலையைச் சொறிந்துகொண்டு விளக்கினார்.

"தொடச்சு எடுத்துட்டு வெறுமையா வக்கிறது நல்லதில்லீங்களே, சுபேதாரய்யா."

அவருக்குப் புரியவில்லை. எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவும் இல்லை. எங்கள் பக்கத்தில் நெல் கொட்டிவைக்கிற குதிரில் அடியோடு வழித்து எடுக்க மாட்டோம், ஒரு கை நெல்லாவது அடியில் கிடக்கவேண்டும். உப்பு ஜாடியை, எண்ணெய்ச் செம்பைச் சுத்தமாகக் கவிழ்க்க மாட்டோம். களத்தில் எல்லாம் அளந்து முடித்த பிறகும் ஒரு பிடி நெல்லைத் தரையில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம். வெறும் மரக்காலை ஒருவர் கையில் கொடுப்பது சாபம் கொடுப்பதற்குச் சமம், நாலு நெல்லாவது போட்டுத்தான் நீட்டுவோம். துப்பாக்கியும் வீட்டுச் சாமான்தானே. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய துப்பாக்கிக்கு இடது குழலில் எப்போதும் ஒன்று இருக்கும். லட்சுமி மாதிரி.

"எங்க ஊர்ல குதிர் ரொம்புனாத்தானே தொடைக்கிறதுக்கு" என்றார் சுபேதார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். "காலியா இருக்குதுன்னு நெனச்ச துப்பாக்கிதாங்க ஆளைக் கொன்னிருக்குது. தோட்டா இருக்குதுன்னு தெரிஞ்ச துப்பாக்கிகிட்ட எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க."

அன்றைக்கு நான் இரண்டு தோட்டாவையும் உருவிவிட்டு வைத்தேன். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, விளக்கு வைக்கிற நேரத்தில் குதிரின் அடியைத் துடைத்த மாதிரி. ஆனால் தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியிடம் லட்சுமி இல்லை என்று அந்த வலி எனக்குச் சொன்னது. மற்றவர்களும் முனகிக்கொண்டே பழகினார்கள். கொழுந்தனார் மட்டும், சுபேதார் தன்னைப் பார்க்கும்போது இரண்டையும் எடுப்பார், பார்க்காதபோது ஒன்றை விடுவார். எங்க வீட்டுத் துப்பாக்கி ஒருநாளும் வெறுமையா இருந்ததில்லை அண்ணி என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான பக்தி இருந்தது.

ரைஸ்மில்காரர் ஆசைப்பட்ட பாடமும் ஒரு நாள் வந்தது. கைத்துப்பாக்கியை உடம்பில் மறைத்துவைத்து, வேண்டும்போது எடுக்கவேண்டும். மரத்தில் செய்த பொய்த்துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார் சுபேதார். எங்கள் ஆண்கள் கட்டுகிற வேட்டியில் எதை மறைப்பது? இடுப்பு மடிப்பில் ஏற்கெனவே ஊரே இருக்கும், வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்பு டப்பி, பொடி மட்டை, பீரோ சாவி. ரைஸ்மில்காரர் அதற்குள் துப்பாக்கியையும் செருகினார். சுபேதார் திடீரென்று "எடு" என்றதும் கையை விட்டுச் சுண்ணாம்பு டப்பியை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். இரண்டாம் தரம் துப்பாக்கி வந்தது, கூடவே வேட்டியும் வந்தது. நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது கேட்காத பெரியவர் மட்டும் உரக்கச் சிரித்தார், கண் நன்றாகத் தெரியும்போல.

சேலைக்காரர்களுக்கு இதில் பாடம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. மரத்துப்பாக்கியை வாங்கி, திரும்பி நின்று, கொசுவத்துக்குப் பக்கத்தில் மடியில் செருகி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து காட்டினேன். சுபேதார் என்னைச் சுற்றி வந்தார். எங்கம்மா போச்சு என்று கேட்டார். பதினாறு வயதிலிருந்து சாவி, சில்லறை, பாக்கு, மாமியாருக்குத் தெரியாமல் வாங்கின முறுக்கு என்று எல்லாவற்றையும் அங்கேதான் வைத்துக்கொண்டு வளையவருகிறேன் என்று சொன்னேன். முழு வகுப்பிலும் நான் நன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பரீட்சைக்கு ஒரு பெரிய போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் முதலில் சுட்டேன். ஒரு சட்டியும் அசையவில்லை. பின்னால் இருந்த மண்மேட்டில் ஓணான் ஒன்று இடம் மாறியது. பிறகு கொழுந்தனார். கட்டியிருந்த சட்டிகள் அத்தனையும் தூள். காற்றில் எறிந்த சட்டியும் தூள். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். துப்பாக்கி போயிற்று, களத்தில் இனி என்ன நடந்தாலும் என்னால் தடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகக் கொடுத்த தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். கொழுந்தனார் வைத்தார். அதிகாரி பாராட்டிக்கொண்டே அதைக் கையில் எடுத்தார், நல்ல பழைய சாமான் என்றார், வானத்தைப் பார்த்துப் பிடித்து இரண்டு விசையையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினார்.

வேப்பமரத்திலிருந்து ஒரு கிளை இறங்கி ஜீப்பின் கூரைமேல் படுத்துக்கொண்டது. காக்கைகள் தஞ்சாவூரையே எழுப்பின. அதிகாரியின் தொப்பி எங்கேயோ கிடந்தது.

"ஒண்ணு இருக்கணுங்க. அது எங்க வீட்டு வழக்கம்" என்றார் கொழுந்தனார். சமாதானம் சொல்கிற தொனியில்கூட இல்லை, தெரியாதவருக்குச் சொல்லித் தருகிற தொனியில் சொன்னார்.

அதிகாரி தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சுபேதாரிடம் திரும்பி அடுத்த மனுக்காரர் எப்படி என்று கேட்டார். சுபேதார் நிமிர்ந்து நின்று, இந்த அம்மாவால மனுஷனுக்கு ஆபத்தில்ல சார், கொக்குக்கும் ஆபத்தில்ல என்றார். என் லைசென்ஸ் அப்படித்தான் வந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியாததே ஆயுதம்.

திரும்பும்போது பாபநாசம்வரை கொழுந்தனார் அந்த அதிகாரியைத் திட்டிக்கொண்டே வந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"லைசென்ஸ் உங்க பேர்ல இருந்தா என்ன அண்ணி. வீடு ஒண்ணுதானே. ஆணியில மாட்டுனா எடுக்க எனக்குக் கை இல்லையா?"

துப்பாக்கி வந்தது. சாக்கிலிருந்து இரண்டு பழைய தோட்டாக்களும் வந்தன. மாமனார் படத்துக்குக் கீழே அதே ஆணியில் மாட்டினேன். ஒளித்துவைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆணி வெறுமையாக இருந்தால் கொழுந்தனார் ரைஸ்மில்காரரிடமோ வேறு யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு போவார், அதில் தோட்டாவும் இருக்கும். அதனால் துப்பாக்கி தொங்கட்டும் என்று விட்டேன். தோட்டா மட்டும் அதில் இருக்கக் கூடாது. அவற்றை எங்கே வைப்பது? அவர் பிறந்து தவழ்ந்த வீடு அது. குதிர், பரண், அரிசிப் பானை, சாமி மாடம், எல்லா ஒளிவிடமும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கை போகமுடியாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றிலிருந்து இரண்டையும் மடியில் செருகிக்கொண்டே நடமாடினேன். சாமி கும்பிடும்போது, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, யாரும் அறியாமல் ஆயுதம் தரித்த மிராசுதார் அந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான்.

தை பிறந்தது. தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை, ஆபீசர் நடுவில், மிராசுதார்கள் ஒரு பக்கம், சங்கத்தார் ஒரு பக்கம், எல்லோருக்கும் டீ. கேட்டதைக் கொடுத்துவிடலாம், நமக்கு ஒன்றும் குதிர் காலியாகிவிடாது என்று நான் கொழுந்தனாரிடம் சொன்னேன். பொம்பளைப் பேச்சு என்றார். பேச்சுவார்த்தை முடியாமலே கதிர் முற்றிவிட்டது. அது யாருடைய கையெழுத்துக்காகவும் காத்திருப்பதில்லை. பழைய கூலியோ புதுக் கூலியோ அளக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அறுத்தார்கள், அடித்தார்கள். நெல் களத்தில் குவிந்தது.

அளக்கிற அன்று காலையில் நான் தொழுவத்திலிருந்து கூடத்துக்கு வந்தேன். ஆணி வெறுமையாக இருந்தது.

ஓடினேன். கல்யாணமான பிறகு நான் ஓடியது அன்றைக்குத்தான். மடியில் தோட்டா இரண்டும் இடித்துக்கொண்டே வந்தன. அப்போது எனக்கு யாரை நினைத்துப் பயம் தெரியுமா? கொழுந்தனாரை நினைத்து. வெறும் துப்பாக்கியோடு போய் நீட்டுகிறாரே, சுற்றி நிற்கிறவர்கள் கையில் அரிவாள் இருக்குமே, சும்மா மிரட்டப் போய் வெட்டுப்பட்டுச் சாகப்போகிறாரே என்றுதான் வரப்பில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். மிரட்டுவார், மீசையைத் தடவுவார், அதற்குமேல் போகமாட்டார் என்று அவரைப் பற்றி நான் அவ்வளவு நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெல் அம்பாரத்தின் அடியில் மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு அளக்கிறவர் உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் கிடந்தது. சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். கொழுந்தனார் எதிரே, தாரா சுடுகிற நிற்பில் நின்றார். நான் களத்து ஓரத்துக்கு வந்துவிட்டேன், சத்தம் போட மூச்சு இல்லை.

"எந்திரி" என்றார் கொழுந்தனார்.

"அளந்துட்டு எந்திரிக்கிறேங்க" என்றார் அவர்.

துப்பாக்கி உயர்ந்தது. டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அத்தனை பேர் நின்ற களத்தில் அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நான் கொழுந்தனார் முகத்தைப் பார்த்தேன். அதில் ஓர் ஆச்சரியமும் இல்லை. வலது குழல் வெறுமையாகத்தானே இருக்கும். இடது குழலில்தான் எங்கள் வீட்டு வழக்கம் இருக்கும். ஒரு மூச்சு விட்டார். யோசிக்க அது போதும். விரலைப் பின்விசைக்கு நகர்த்தினார், அளக்கிறவர் நெஞ்சிலிருந்து குழலை விலக்காமல் அழுத்தினார்.

டிக்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார், கையில் வேறு யாருடைய சாமானோ வந்துவிட்டது என்பதுபோல.

யாரோ ஒருவன் சிரித்தான். உடனே எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பயத்தில் வருகிற சிரிப்பு. கொழுந்தனாரும் சேர்ந்து சிரித்தார். சும்மா பயங்காட்டினேன், வெறும் துப்பாக்கி என்று தெரியாதா எனக்கு என்றார். அளக்கிறவர் சிரிக்கவில்லை. அவரும் எங்கள் வீட்டில் வளர்ந்த மாதிரிதான், எங்கள் வழக்கம் அத்தனையும் அவருக்குத் தெரியும். அவர் கொழுந்தனாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீங்க எடுத்துட்டீங்களாம்மா?"

அத்தனை பேர் எதிரில் மடியில் கையை விட்டு இரண்டு தோட்டாவையும் எடுத்து, அவர் வைத்திருந்த வெறும் மரக்காலில் போட்டேன். இரும்பு விளிம்பில் பட்டு விழுந்தன. அவர் அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, எந்தக் கூலிம்மா என்று கேட்டார். நீங்க கேட்ட கூலி என்றேன். கொழுந்தனார் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

மரக்காலை நெல்லுக்குள் செலுத்தித் தூக்கினார். ஒன்று என்று சொல்லாமல் எங்கள் வழக்கப்படி "லாபம்" என்று எண்ணத் தொடங்கினார். குரல் சரியாகத்தான் இருந்தது. முதல் மரக்காலில் பாதி தரையில் சிந்தியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கொழுந்தனாரோடு பேச்சை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பங்காளி உறவில் அந்த வசதி கிடையாது. களமும் பொது, வாய்க்காலும் பொது. கும்பகோணத்துக் காப்பிக் கடையில் இந்தக் கதையை அவரே வேடிக்கையாகச் சொல்வார், கேட்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவர் சொல்லும் கதையில் டிக் சத்தம் ஒரு தடவைதான் வரும்.

ஆயுத பூஜைக்கு இன்றும் துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்துச் சாமி முன்னால் வைக்கிறேன். பக்கத்தில் மரக்கால், கோபுரமாக நெல்லோடு. முதல் வருஷம் கும்பிட வந்த கொழுந்தனார் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெறுமையாவா வச்சிருக்கீங்க அண்ணி? வீட்டுக்கு ஆகாதே."

"ஆமா தம்பி" என்றேன். "ரெண்டு குழலும் வெறுமைதான்."

என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்டதில்லை. இலை போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போவார்.